எந்த வழியில் கசின்?

(சொற்கள், ஆவணங்கள், இரண்டும் சேர்ந்து கொடுக்கும் தலைவலிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஆவண மொழிபெயர்ப்பு செய்துவரும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சொல்லைச் சுற்றி இருந்ததால், அவற்றை மட்டும் சேர்த்துத் தந்திருக்கிறோம்.)

என் மகள் யாரைப் பற்றிப் பேசினாலும் ‘கசின்’ என்கிறாள். வீட்டுக்கு வந்த பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குப் புரிவதற்குள் அவன் காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறான். கசினுக்குத் தமிழில் ஒரே சொல்லாக என்ன சொல்வது?
— வாசகி, கொளத்தூர்

ஒரே சொல் கிடையாது. அது குறையும் இல்லை. அப்படி ஒரு சொல் தேவைப்படாத விதமாகத்தான் நம் வீடுகள் இருந்தன.

அப்பா, அம்மா இருவரில் எவருடைய உடன்பிறந்தாரின் பிள்ளையாக இருந்தாலும் ஆங்கிலத்தில் கசின்தான். ஆணா பெண்ணா என்பது அந்தச் சொல்லில் இல்லை. மூத்தவரா இளையவரா என்பதும் இல்லை. நமக்கோ இந்தக் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரியும். அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும் அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகளும் ஒரு கட்சி. அவர்கள் நமக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. அப்பாவின் அக்கா தங்கை பிள்ளைகளும் அம்மாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும் எதிர்க்கட்சி. அவர்கள் அத்தான், மச்சான், மாமன் மகள், அத்தை மகள். சில வீடுகளில் அம்மாஞ்சி, அம்மங்காள், அத்தங்காள். முதல் கட்சியில் கல்யாணப் பேச்சு எடுத்தால் அடி விழும். இரண்டாவது கட்சியில் எடுக்காவிட்டால் அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மானிடவியல்காரர்கள் முதல் கட்சியைப் ‘பேரலல் கசின்’ என்றும், இரண்டாவதைக் ‘கிராஸ் கசின்’ என்றும் எழுதுவார்கள். ‘கிராஸ் கசின்’ என்ற பெயரை 1889இல் கொண்டுவந்தவர் எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேயர். நம் பாட்டிமார் பெயர் எதுவும் வைக்காமலே பந்தியில் யார் யாரைக் கேலி செய்யலாம் என்று இதே கணக்கில் பிரித்து வைத்திருந்தார்கள்.

என் மேசைக்கு ஆங்கிலத்தில் ‘மை கசின்’ என்று ஒரு பிரமாணப் பத்திரம் வந்தால், பேனாவைத் திறப்பதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: “எந்த வழி?” வக்கீல் குமாஸ்தாக்களுக்கு இது பழகிவிட்டது. மாடிப்படி ஏறும்போதே “அம்மா, சித்தப்பா வழி” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

சென்ற மழைக்காலத்தில் ராயபுரத்திலிருந்து ஒரு பெரியவர் தன் தகப்பனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, யாரோ பசை நாடா ஒட்டி, அந்த நாடாவும் மஞ்சளாகிப்போன காகிதம். எழுதியவருக்கு முத்து முத்தான கையெழுத்து. ‘எனது பெரிய தகப்பனார் குமாரரும் எனக்குத் தமயன் முறை ஆனவருமான’ என்று ஆரம்பித்து, ஆளை அடையாளம் காட்டிவிட்டுத்தான் பெயருக்கே வருகிறார். அதே ஆள், பெரியவரின் பேரன் வெளிநாட்டிலிருந்து வக்கீலுக்கு அனுப்பிய ஆங்கிலக் குறிப்பில் வெறும் கசின். அந்தக் குறிப்பை மட்டும் படிக்கிறவருக்கு, சொத்தில் பங்கு கேட்கும் பங்காளியும், கல்யாணத்துக்குச் சீர்த் தட்டு தூக்கி வரும் மாமன் மகனும் ஒரே ஆளாகத் தெரிவார்கள்.

உங்கள் மகளிடமும் ‘எந்த வழி’ என்று கேட்டுப் பாருங்கள். காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிடும்.

கசின் என்று எழுதுவதா, கஸின் என்று எழுதுவதா?
— வாசகர், சைதாப்பேட்டை

ஒலிக்குக் கிட்டத்தில் இருப்பது கஸின். அச்சில் பழகிப்போனது கசின். எதை எழுதினாலும் கடைசி வரி வரை அதையே எழுதுங்கள்.

‘கசின் பிரதர்’ என்று சொன்னால் என் மேலதிகாரி சிரிக்கிறார். தவறா?
— வாசகர், பெரம்பூர்

இங்கிலாந்துக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்குக் கசின் என்றால் கசின், பிரதர் என்றால் பிரதர். இரண்டையும் ஒட்டுவது, பூனை நாய் என்று ஒரே பிராணியைச் சொல்வது போல அவர்கள் காதில் விழும். ஆனால் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை நாம் அப்படித்தான் சொல்கிறோம், காரணத்தோடுதான் சொல்கிறோம். பெரியப்பா மகனை வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்தவனுக்கு, வெறும் கசின் என்று நிறுத்த மனம் வருவதில்லை. பிரதரைச் சேர்த்துக்கொள்கிறான். இன்னொரு காரணம், ஆணா பெண்ணா என்று சொல்லாமல் விட்டால் நமக்கு வாக்கியம் முடிந்த மாதிரி இருக்காது. உங்கள் மேலதிகாரி சிரித்துவிட்டுப் போகட்டும். நம் நாட்டு ஆங்கிலத்தில் அது நிலைத்துவிட்ட வழக்கு.

படிவத்தில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அதைவிட ஆபத்து, பெரியப்பா மகனைப் ‘பிரதர்’ என்றே எழுதிவிடுவது. அமெரிக்க விசா விண்ணப்பத்தில் உடனடி உறவினர் என்று கேட்பது கணவன் அல்லது மனைவி, நிச்சயிக்கப்பட்டவர், பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோரை மட்டும். மற்ற உறவினர் உண்டா என்பது வேறு கேள்வி. கசின் அந்த இரண்டாவது கேள்விக்குள் வருகிறவர். அமெரிக்கக் குடிமகன் ஒருவர் தன் உடன்பிறந்தாருக்காக நிரந்தர வசிப்புரிமை மனுப் போடலாம். கசினுக்காகப் போட முடியாது. ‘அண்ணன்’ என்று எழுதியவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். இரண்டு சான்றிதழிலும் தகப்பனார் பெயர் வேறு வேறாக இருக்கும். அப்புறம் பாசத்தை விளக்கிப் பயனில்லை. பொய் சொன்னதாக ஒருமுறை பதிவாகிவிட்டால் அது லேசில் போகாது.

ஃபர்ஸ்ட் கசின், செகண்ட் கசின், ஒன்ஸ் ரிமூவ்டு — இவற்றை எத்தனை முறை படித்தாலும் மறந்துவிடுகிறது. சுலபமாகச் சொல்ல முடியுமா?
— கல்லூரி மாணவி, தாம்பரம்

முதலில் பொதுவான மூத்தவர் யார் என்று பாருங்கள். இரண்டு பேருக்கும் தாத்தா பாட்டி பொதுவானால் ஃபர்ஸ்ட் கசின். கொள்ளுத் தாத்தா பாட்டிதான் பொது என்றால் செகண்ட் கசின். இவ்வளவும் ஒரே தலைமுறையில் நிற்பவர்களுக்கு. தலைமுறை மேலே கீழே போய்விட்டால்தான் ‘ரிமூவ்டு’ வரும். உங்கள் அப்பாவுக்கு ஃபர்ஸ்ட் கசின் என்றால், உங்களுக்கு அவர் ஒரு படி மேலே இருப்பவர்: ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்டு. உங்கள் கசினின் குழந்தை ஒரு படி கீழே. அதற்கும் அதே பெயர்தான். எழுபது வயதுக் கிழவரும் தொட்டில் குழந்தையும் ஒரே பெயரில்! நமக்கு முன்னவர் சித்தப்பாவோ மாமாவோ, பின்னது மகனோ மருமகனோ. யாரும் குழம்ப மாட்டார்கள்.

இப்போது குழியைக் காட்டுகிறேன். அகராதியைத் திறந்து ‘ஒன்ஸ் ரிமூவ்டு’ என்பதற்கு ‘ஒன்றுவிட்ட’ என்று எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இரண்டும் வேறு வேறு. நம் ‘ஒன்றுவிட்ட’ பக்கவாட்டில் அளக்கிறது. ஒன்றுவிட்ட அண்ணன் என்றால் உடன்பிறந்தவன் இல்லை, பெரியப்பா மகனோ பெரியம்மா மகனோ; அதாவது ஃபர்ஸ்ட் கசின். இரண்டுவிட்ட அண்ணன் செகண்ட் கசின். ஆங்கிலத்து ‘ரிமூவ்டு’ தலைமுறையை அளக்கிறது. ‘ஒன்றுவிட்ட சித்தப்பா’ என்ற இடத்தில் மட்டும் தற்செயலாக இரண்டும் ஒத்துப்போகும், ஏனென்றால் அவர் அப்பாவின் கசின். அந்த ஒரு பொருத்தத்தை நம்பி மற்ற இடங்களில் கால் வைத்தால் வாரிசுப் பட்டியலில் ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் அதை விட்டுவைக்க மாட்டார்.

இன்னொன்று, சொந்த அத்தையின் மகனை யாரும் ‘ஒன்றுவிட்ட அத்தான்’ என்று சொல்வதில்லை. அவர் நேர் அத்தான். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கையின் மகன்தான் ஒன்றுவிட்ட அத்தான். ஆகவே ஃபர்ஸ்ட் கசின் என்றாலே ‘ஒன்றுவிட்ட’ என்று போட்டுவிடவும் கூடாது. மறுபடியும் அதே கேள்விதான்: எந்த வழி?

பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் ‘அங்கிள்’. அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரும் ‘ஆன்ட்டி’. உறவுச் சொற்களில் ஆங்கிலம் ஏழை மொழி என்றும் தமிழே செல்வ மொழி என்றும் சொல்லலாம்தானே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாப்பூர்

சொல்லலாம், மேடையில். என் மேசையில் அது செல்லாது, ஐயா.

அந்த ‘அங்கிள்’ யார் தெரியுமா? லத்தீனில் ‘அவுங்குலுஸ்’ என்றால் தாய்மாமன். தாய்மாமன் மட்டுமே. சித்தப்பா பெரியப்பாவுக்குப் ‘பட்ரூஸ்’ என்று தனிச் சொல் இருந்தது. ‘ஆன்ட்’ வந்தது ‘அமிதா’விலிருந்து. பெயரைப் பார்த்து வடநாட்டுப் பெண் என்று நினைக்காதீர்கள். லத்தீனில் அமிதா என்றால் அத்தை. அம்மாவின் அக்கா தங்கைக்கு ‘மாதெர்தெரா’. நாலு உறவுக்கு நாலு சொல், நம் வீட்டைப் போலவே. கசின் என்பதன் மூலமான ‘கோன்சோப்ரினுஸ்’கூட, பிறப்பில், சகோதரிகளின் பிள்ளைகளைக் குறித்த சொல். நம் சித்தி மகன், பெரியம்மா மகன்.

பழைய ஆங்கிலத்திலும் தாய்மாமனுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு ஒரு சொல், அத்தைக்கும் சித்திக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் மெல்ல உள்ளே வந்து இவற்றைத் தள்ளிவிட்டன. வந்த பிரெஞ்சுச் சொற்களோ ஏற்கெனவே லத்தீன் நாலை இரண்டாக்கிக்கொண்டு வந்தவை. ஆகவே அது பிறவி ஏழை இல்லை. வைத்திருந்ததை விட்டுவிட்ட வீடு.

நாமும் எல்லாவற்றையும் பிரித்துச் சொல்கிறவர்கள் என்று மார் தட்ட முடியாது. ‘மாமா’வை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் தம்பி மாமா. அத்தையின் கணவர் மாமா. மாமனார் மாமா. பல வீடுகளில் அக்காள் கணவரும் மாமா. ‘என் மாமா வாங்கித் தந்த நிலம்’ என்று ஒரு தமிழ் வாக்குமூலம் வந்தால் நான் ஆங்கிலத்தில் என்ன எழுதுவேன்? அங்கிள், ஃபாதர் இன் லா, பிரதர் இன் லா என்று மூன்று கதவுகள் திறந்து நிற்கின்றன. அங்கே ஆங்கிலக்காரர்கள் தெளிவாக இருக்கிறார்கள். அண்ணன் என்ற சொல்லும் அப்படியே. உடன்பிறந்தவனையும் பெரியப்பா மகனையும் ஆங்கிலம் பிரிக்கிறது, தமிழ் சேர்க்கிறது. தேவைப்படும்போது ‘கூடப் பிறந்த அண்ணன்’ என்று நாம் ஒட்டுப் போட்டுக்கொள்கிறோம்.

இந்தச் சேர்க்கையைக் கண்டு வியந்தவர் ஒருவர் உண்டு. லூயிஸ் ஹென்றி மார்கன், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் வழக்கறிஞர். பக்கத்தில் வாழ்ந்த செனெகா பழங்குடியினர் அப்பாவின் சகோதரனை அப்பா என்றும், அவர் பிள்ளைகளை உடன்பிறந்தார் என்றும், அத்தை மாமன் பிள்ளைகளை மட்டும் வேறாகவும் சொல்வதைக் கவனித்தார். உலகம் முழுக்கக் கேள்வித்தாள் அனுப்பினார். தென்னிந்தியாவில் ஊழியம் செய்து திரும்பிய ஒரு மிஷனரி மூலம் தமிழ் உறவுச் சொற்கள் கைக்கு வந்தபோது, இரண்டு பட்டியலும் அச்சாக ஒத்துப்போவதைப் பார்த்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய தடித்த நூலில் தமிழ்ச் சொற்களுக்கு முக்கிய இடம் உண்டு. உறவுமுறை ஆய்வு என்ற துறைக்கே அதுதான் தொடக்கம். இந்த ஒற்றுமையை வைத்து அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்று நிறுவிவிடலாம் என்றும் அவர் நம்பினார். அந்த வாதம் நிற்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு மக்கள் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டுவிட முடியும்.

எனக்கு 38 வயது. பால் வாங்கப் போனால் 25 வயது ஆள் ‘ஆன்ட்டி’ என்கிறான். என்ன செய்ய?
— வாசகி, வில்லிவாக்கம்

மேலே எழுதியபடி, லத்தீன் கணக்கில் அவன் உங்களை அத்தை என்கிறான். அத்தைக்கு எடுத்துத் தர வேண்டிய தீபாவளிப் புடவை எங்கே என்று கேளுங்கள். மறுநாளிலிருந்து அக்கா என்பான்.

அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை மொழிபெயர்க்கிறேன். ‘அவர் தன் கசினை மணந்தார்’ என்ற வரி வந்தால் ‘ஒன்றுவிட்ட சகோதரியை மணந்தார்’ என்று எழுதுகிறேன். பதிப்பாசிரியர் அடித்துவிடுகிறார்.
— மொழிபெயர்ப்பாளர், அடையாறு

அடித்தவர் கைக்கு ஒரு மோதிரம் போடலாம். சகோதரியை மணந்தார் என்று படித்தால் தமிழ் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஆனால் மாற்றாக என்ன எழுதுவது என்பதை அகராதி சொல்லாது. குடும்ப மரம்தான் சொல்லும். மூன்று பேரை வைத்துப் பார்ப்போம்.

சார்லஸ் டார்வின் 1839இல் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். எம்மாவின் தகப்பனார், டார்வினின் தாயாருக்கு உடன்பிறந்தவர். ஆக டார்வின் கட்டியது மாமன் மகளை. உரிமைப் பெண். பெண், மாப்பிள்ளையைவிடச் சில மாதம் மூத்தவள் என்று நம் ஊர்க் கிழவிகள் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவுதான். விக்டோரியா அரசி 1840இல் ஆல்பர்ட்டை மணந்தார். ஆல்பர்ட் அவருடைய தாயின் அண்ணன் மகன். தாய்மாமன் வீட்டில் வாழ்க்கைப்பட்டார் என்று தயங்காமல் எழுதலாம். அங்கேயும் பெண்தான் மூத்தவர், மூன்று மாதம்.

ஐன்ஸ்டைன் 1919இல் இரண்டாவதாக மணந்த எல்சாவும் ஆங்கிலத்தில் கசின்தான். ஆனால் எல்சாவின் தாயும் ஐன்ஸ்டைனின் தாயும் கூடப் பிறந்த சகோதரிகள். எல்சா ஐன்ஸ்டைனைவிட மூன்று வயது பெரியவர். நம் கணக்கில் சந்தேகமே இல்லாமல் அக்காள். இருவரின் தகப்பன்மாரும் தங்களுக்குள் கசின்கள். அந்த வழியிலும் உறவு உண்டு. ஆங்கில வாசகர் இந்த மூன்று திருமணங்களையும் ஒரே பார்வையில் கடந்துபோவார். தமிழ் வாசகர் முதல் இரண்டுக்கும் தலையாட்டுவார், மூன்றாவதில் திடுக்கிடுவார். மூல நூலில் இல்லாத திடுக்கிடல் அது. அதற்காக உறவை மறைக்கச் சொல்லவில்லை. ‘தாயின் சகோதரி மகளான எல்சா’ என்று உள்ளதை எழுதுங்கள், அவர்கள் நாட்டில் அது முறையான திருமணமே என்பதை ஒரு தொடரில் தொட்டுச் செல்லுங்கள். எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று 1540லேயே இங்கிலாந்தில் ஃபர்ஸ்ட் கசின் திருமணங்களுக்கு வழி விட்டது. எந்தப் பக்கத்துக் கசின் என்று அது பிரிக்கவே இல்லை.

டார்வினுக்கு இதில் உள்ளூரக் கவலை இருந்தது என்பதையும் உங்கள் நூலில் விட்டுவிடாதீர்கள். பத்துப் பிள்ளைகளில் மூன்று சிறு வயதிலேயே இறந்தன. நெருங்கிய உறவில் மணப்பது காரணமாக இருக்குமோ என்று அவர் யோசித்தார். அவர் மகன் ஜார்ஜ், 1875இல் இங்கிலாந்தின் கசின் திருமணங்களைக் கணக்கெடுத்து ஆய்வே எழுதினார்.

பழைய நூல்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அண்ணன் மகன், தம்பி மகன், தூரத்துச் சொந்தம் எல்லோருமே கசின். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட்டை அவன் அப்பாவின் உடன்பிறந்தவன் கசின் என்றுதான் கூப்பிடுகிறான். அரசர்கள் சக அரசர்களைக் கசின் என்று கடிதத்தில் விளித்தது வெறும் மரியாதை. ‘கசின் ஜெர்மன்’ என்று எங்காவது பார்த்தால், ஜெர்மனிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். அது ஃபர்ஸ்ட் கசினுக்குப் பழைய பெயர். எந்த வழி என்று எங்கேயும் துலங்கவில்லையென்றால் ‘நெருங்கிய உறவுக்காரப் பெண்’ என்று எழுதுவது கோழைத்தனம் ஆகாது.

சித்தப்பா மகன் துபாயிலிருந்து எனக்கு இரண்டு லட்சம் ரூபாய் அன்பளிப்பாக அனுப்பினான். உறவினர் தந்த பணத்துக்கு வரி இல்லை என்கிறார்களே?
— வாசகர், வேளச்சேரி

உறவினர் என்று வருமான வரிச் சட்டம் யாரைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். கணவன் அல்லது மனைவி; உங்கள் உடன்பிறந்தார்; துணைவரின் உடன்பிறந்தார்; அப்பா அம்மாவின் உடன்பிறந்தார்; இரு பக்கத்திலும் நேர் மேலே, நேர் கீழே உள்ளவர்கள்; இவர்களுடைய துணைவர்கள். பட்டியல் முடிந்தது. சித்தப்பா உண்டு, சித்தி உண்டு. அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை. சித்தப்பா தன் பணத்தைத் தந்திருந்தால் வரி இல்லை. மகன் தந்ததால், ஓர் ஆண்டில் இப்படி வருவது 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானம். உங்கள் கல்யாணத்துக்கு மொய்யாக வந்திருந்தால் யார் தந்தாலும் கணக்கில் வராது.

இதில் ஒரு வேடிக்கை. சித்தப்பா உங்களுக்குத் தந்தால் அவர் உங்கள் உறவினர். நீங்கள் சித்தப்பாவுக்குத் தந்தால் நீங்கள் அவர் உறவினர் இல்லை. அண்ணன் மகன் அந்தப் பட்டியலில் கிடையாது. அப்பாவுக்குப் பின் சித்தப்பாதான் வளர்த்தார் என்று மாதாமாதம் பணம் அனுப்பும் பிள்ளைகள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

சொத்துச் சட்டத்திலோ நம் பாட்டி மறுபடியும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு முதல் இரண்டு வகுப்பு வாரிசுகள் யாரும் இல்லையென்றால், முழுக்க ஆண்வழியாகவே வரும் உறவினருக்குத்தான் அடுத்த இடம். அவர்களும் இல்லாதபோதுதான் இடையில் பெண்வழி கலந்த உறவினர் வருவார்கள். சித்தப்பா பிள்ளைகள் முன்வரிசையில். அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் பின்வரிசையில். ஆங்கிலத்தில் நால்வரும் கசின்தான். ஆனால் ஒருவருக்கு வீடு கிடைக்கும், மூவருக்கும் கிடைக்காது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கட்சி. அத்தையும் அதே தாத்தாவுக்குப் பிறந்தவள்தானே?

சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சில நாள் அத்தை மகன் பைக்கில் கொண்டுவந்து விடுவான். யார் என்று கேட்டால் ‘கசின்’ என்பேன். “அத்தான் என்று சொன்னால் வாய் வலிக்குமா?” என்று அம்மா கோபிக்கிறார். யார் பக்கம் நியாயம்?
— வாசகி, மேடவாக்கம்

உங்கள் பக்கம்.

அத்தான் என்ற சொல்லுக்குள் ஒரு உரிமைக் கோரிக்கை உட்கார்ந்திருக்கிறது. அதைச் சாப்பாட்டு அறையில் சொல்லிப் பாருங்கள். மேசையைச் சுற்றிப் புருவங்கள் உயரும், ‘எப்போது கல்யாணச் சாப்பாடு’ என்று அன்று மாலையே கேள்வி வரும். நம் வீட்டுக்குள் அந்தக் கேலிக்கு இடம் உண்டு. கேலி செய்யவும் அதை அடக்கவும் பெரியவர்கள் இருப்பார்கள். அலுவலகத்தில் அடக்க யார் இருக்கிறார்கள்? கசின் என்ற சொல்லில் கோரிக்கை எதுவும் இல்லை. ‘இவன் சொந்தக்காரன், இதற்கு மேல் கேட்காதே’ என்று இரண்டு எழுத்து அதிகமில்லாமல் சொல்லிவிடுகிறது. இந்த வேலையைச் செய்ய நம்மிடம் சொல் இருக்கவில்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு உங்கள் நிலையில் இருந்த பெண் தப்பிப்பதற்காக ‘அண்ணன்’ என்று சொல்லியிருப்பாள். அது முறையையே மாற்றிவிடும் பொய். கசின் அந்தப் பொய்யைத் தேவையில்லாமல் ஆக்கியிருக்கிறது.

சட்டத்தைச் சாட்சிக்கு இழுப்பார் உங்கள் அம்மா என்றால் இதையும் வைத்துக்கொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், தடை செய்யப்பட்ட உறவுகளைச் சொல்லும் இடத்தில் கசின் என்ற சொல்லைத் தொடவே இல்லை. ‘சகோதரன், சகோதரியின் பிள்ளைகள், இரு சகோதரர்களின் பிள்ளைகள், இரு சகோதரிகளின் பிள்ளைகள்’ என்று விரித்து எழுதி, மூன்றையும் தடுத்து, இரு தரப்பு வழக்கமும் அனுமதித்தால் தடையில்லை என்று விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் முதலாவதற்கு வழக்கம் இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் இல்லை. ஆக, ஆங்கிலத்தில் எழுதிய சட்டமே கல்யாணம் என்று வந்தவுடன் ‘எந்த வழி’ என்று கேட்டுவிட்டது. நானும் சொத்தோ கல்யாணமோ தொங்கும் இடத்தில்தான் அதைக் கேட்கிறேன். பைக்கில் இறங்கும் இடத்தில் கேட்பதில்லை.

வீட்டில் அம்மா விருப்பப்படி அத்தான் என்றே கூப்பிடுங்கள், உங்களுக்கும் பிடித்திருந்தால். அவன் உங்களை எப்படிக் கூப்பிடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. பெயர் சொல்லித்தானே? அப்படியானால் அவனுக்கு மட்டும் எதற்குப் பட்டம் என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

மகளின் பிரசவத்துக்காக நானும் சம்பந்தி அம்மாளும் சேர்ந்து அமெரிக்கா போகிறோம். “இவர் உங்களுக்கு யார்?” என்று விசா அதிகாரி கேட்டால் ஒரே சொல்லில் என்ன சொல்வது?
— வாசகி, நங்கநல்லூர்

ஆங்கிலத்தில் சொல் இல்லை. ஸ்பானிஷ் மொழியில் ‘கோன்சுவெக்ரா’ என்று இருக்கிறது, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியிலும் உண்டு. சகலைக்குக் ‘கோ-பிரதர்’ என்று நாம் உண்டாக்கிக்கொண்டது போலச் சம்பந்திக்கும் எதையாவது உண்டாக்கிச் சொல்லிவிடாதீர்கள், அதிகாரிக்குப் புரியாது. ‘சிஸ்டர்’ என்றும் சொல்ல வேண்டாம். ‘மை டாட்டர்ஸ் மதர் இன் லா’ என்று நிதானமாகச் சொல்லுங்கள், போதும்.

விண்ணப்பத்தில் உடன் பயணம் செய்பவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டு, ‘மற்ற உறவினர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். உடனடி உறவினர் என்ற இடத்தில் நீங்கள் உங்கள் மகளை எழுதுங்கள், அவர் தன் மகனை எழுதட்டும்.